வழங்கப்படாத ஆண்டின் பதக்கம்

என்னிடம் எட்டு வெள்ளிப் பதக்கங்கள் இருக்கின்றன. எல்லாம் ஒரே பாடசாலையில், ஒரே பாடத்துக்கு, ஆண்டுக்கு ஒன்றாகக் கொடுக்கப்பட்டவை. பாடம் கணிதம். பாடசாலை எங்கள் தீவில் இருந்தது. இப்போது அதன் கிணறும் மண்டபத்தின் மூன்று சுவர்களும்தான் மிச்சம். பெயர்களையும் ஆண்டுகளையும் நான் இங்கே எழுதப்போவதில்லை. திகதி போடாமல் எழுதுவது எனக்குப் பழக்கமில்லாத வேலை. ஆனால் இந்தத் தீவில் ஆண்டைச் சொன்னால் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதி என்று வைத்துக்கொண்டால் போதும்.

பரிசை ஏற்படுத்தியவர் மலாயாவில் ரயில்வே இலிகிதராக இருந்து, ஓய்வூதியத்துடன் ஊர் திரும்பியவர். இறந்துபோன மகளின் நினைவாகச் செய்தார் என்று ஊரில் சொல்வார்கள். அதை என்னால் உறுதிப்படுத்த முடியவில்லை. பதக்கம் பழைய ஒரு ரூபாய் நாணயக் குற்றியைவிடச் சற்றுப் பெரியது. முகப்பில் ஒரு விளக்கு; நம் வீட்டு விளக்கல்ல, வெள்ளைக்காரரின் படங்களில் வரும் மூக்கு நீண்ட விளக்கு. பின்புறத்தில் யாழ்ப்பாணத்துப் பொற்கொல்லர் யாரோ பெயரையும் ஆண்டையும் வெட்டியிருக்கிறார். விளிம்பில் கண்ணாடி வைத்துப் பார்த்தால் மூன்று சிறு முத்திரைகள் தெரியும்: ஒரு நங்கூரம், ஒரு சிங்கம், ஓர் ஆங்கில எழுத்து. நங்கூரம் இங்கிலாந்தில் வெள்ளியைச் சோதித்த நகரத்தைக் குறிக்கும். சிங்கம் வெள்ளியின் தரம். எழுத்து, சோதித்த ஆண்டு. எட்டுப் பதக்கங்களிலும் எழுத்து ஒன்றே. அதாவது அந்த மனிதர் எல்லாவற்றையும் ஒரே தடவையில் வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டு, ஆண்டுதோறும் ஒவ்வொன்றாக எடுத்துப் பெயர் வெட்டுவித்திருக்கிறார். இதைக் கண்டுபிடித்த நாள் யாருக்காவது சொல்ல வேண்டும் போல இருந்தது. மகனுக்குத் தொலைபேசி எடுத்தேன். ரொறன்ரோவில் அப்போது விடிந்திருக்கவில்லை. மணியடித்துக்கொண்டே இருந்தது.

நான் தபால் அதிபராக இருந்து ஓய்வு பெற்றவன். வேலையில் இருந்த காலம் முழுவதும் ஒவ்வொரு காலையும் திகதி முத்திரையின் சில்லுகளைத் திருப்பி, வெற்றுத்தாளில் ஒருமுறை குத்திப் பார்த்துத்தான் நாளைத் தொடங்குவேன். ஓய்வு பெற்ற பின்பும் எழுந்ததும் முதலில் திகதியை வாய்விட்டுச் சொல்லுவேன். மனைவி குசினிக்குள் இருந்து "ஓம், தெரியும்" என்பாள். இப்போது சொல்லிவிட்டுக் கொஞ்சம் பொறுத்து நானே தேநீர் வைக்கப் போகிறேன்.

அவள் போன அடுத்த ஆண்டு, அவளது சங்கிலியின் அறுந்த கொளுக்கியைப் பொருத்துவிக்க யாழ்ப்பாணத்தில் ஒரு நகைக்கடைக்குப் போனேன். பொருத்தி யாருக்குக் கொடுப்பது என்று யோசிக்கவில்லை. கடைக்காரர் உருக்குவதற்கென்று பழைய வெள்ளியைத் தராசில் போட்டுக்கொண்டிருந்தார். கொலுசு, குழந்தைகளின் அரைஞாண், நெளிந்த குங்குமச் சிமிழ். அவற்றுக்கிடையில் ஒரு வட்டத் தகடு. எடுத்துத் திருப்பினேன். அந்தப் பெயருக்கு நான் பல ஆண்டுகள் கடிதம் கொடுத்திருக்கிறேன். ஆள் இறந்துவிட்டார், பிள்ளைகள் நோர்வேயில். அன்று அதை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறியவன்தான்.

மற்றவை மெல்ல மெல்ல வந்தன. ஒன்று புங்குடுதீவில் கூரை விழுந்த வீட்டின் அலுமாரி லாச்சிக்குள் கிடந்தது. ஒன்றை நெடுந்தீவில் ஒருவர் திறப்புக் கோர்வையில் மாட்டி வைத்திருந்தார். எதன் திறப்புகள் என்று கேட்டேன். "இப்ப இல்லாத வீட்டின்ரை" என்றார். ஒன்றில் மேலே துளை போட்டிருந்தது, குழந்தையின் அரையில் கட்டுவதற்காக. அந்தக் குழந்தைக்கு இப்போது பேரப்பிள்ளைகள். எல்லாவற்றையும் தபால் முத்திரைகள் வைக்கும் ஒரு மரப்பெட்டியில், பச்சைத் துணியில் வட்டம் வட்டமாக வெட்டி, ஆண்டு வரிசையில் வைத்தேன். பின்னேரங்களில் திறந்து பெயர்களை வாசிப்பேன். வகுப்பில் இடாப்புக் கூப்பிடுவது போலத்தான். யாரும் ஓம் என்று சொல்வதில்லை.

வரிசையின் நடுவில் ஓர் ஆண்டு மட்டும் இல்லை.

முன்னைய ஆண்டு பதக்கம் வாங்கியவரும் பிந்திய ஆண்டு வாங்கியவரும் அப்போது உயிரோடு இருந்தார்கள்; தங்கள் பதக்கங்களைத் தாங்களே எனக்குத் தந்தவர்கள். இருவரும் ஊர் நடுவில் தோட்டமும் காணியும் உள்ள குடும்பங்கள். இருவரையும் தனித்தனியாகப் போய்க் கேட்டேன். இருவரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: அந்த வருசம் கொடுக்கவில்லை. எப்படித் தெரியும் என்றதற்கும் ஒரே விளக்கம். அந்தப் பாடசாலையில் ஒரு வழக்கம் இருந்தது. பதக்கம் பெற்ற பிள்ளை அடுத்த ஆண்டுப் பரிசளிப்பு விழாவுக்கு அதை நெஞ்சில் குத்திக்கொண்டு வர வேண்டும். மேடையில் நின்று, புதிதாகப் பெறும் பிள்ளைக்குத் தன் கையாலேயே பதக்கத்தைக் குத்திவிட வேண்டும். பிந்திய ஆண்டுக்காரருக்கு அப்படிக் குத்திவிட ஒருவரும் வரவில்லை. அதிபரே குத்திவிட்டார். முன்னைய ஆண்டுக்காரர் மேல்படிப்புக்கு யாழ்ப்பாணம் போய்விட்டதால் தன் அடுத்த விழாவுக்கு வரவில்லை; கேள்விப்பட்டதைத்தான் சொன்னார். ஆகவே இடையில் உள்ள ஆண்டில் பதக்கம் பெற்றவர் எவரும் இல்லை.

எனக்கு அது போதுமான சான்றாகத் தெரிந்தது. வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர்கள் ஒரு நினைவு மலர் வெளியிட்டபோது என்னிடம் கட்டுரை கேட்டார்கள். பதக்கங்களைப் பற்றி எழுதினேன். அதில் ஒரு வசனம்: "அவ்வாண்டில் இப்பரிசு வழங்கப்படவில்லை." மலர் வந்ததும் ஒரு பொதி எனக்கே அனுப்பித் தீவுகளில் உள்ளவர்களுக்குக் கொடுக்கச் சொன்னார்கள். பழைய தொழில்தான்; சைக்கிளிலும் பஸ்ஸிலும் போய்க் கொடுத்துவிட்டு வந்தேன். ஒருவரும் கட்டுரையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

பிறகு ஒரு ஞாயிறு. ஞாயிறு காலைகளில் மகன் கதைப்பான், ஆகையால் வீட்டிலேயே இருப்பேன். அன்று படலையில் ஒருவர் சைக்கிளோடு நின்றார். என்னைவிட மூத்தவர், வெயிலில் கறுத்த உடம்பு, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சிலுவை. மேற்குக் கரையில் இருந்து வந்திருந்தார்.

"நீர்தானே புத்தகத்திலை எழுதினது?"

"எந்தப் புத்தகம் அண்ணை?"

"அது எனக்குத் தெரியாது. அக்கா உம்மை வரட்டாம். கோவத்திலை இருக்கிறா. நாளைக்கு வந்தாலும் அந்தக் கோவம் அப்பிடியேதான் இருக்கும். அதாலை இண்டைக்கே வாரும்."

போனேன். கடலுக்கு முதுகைக் காட்டிய சிறிய கல்வீடு. முன் அறையில் மாதா படத்தின் கீழே ஒரு கதிரையில் அந்த அம்மா இருந்தார். எண்பது கடந்தவர். கலியாணம் செய்யாமல், என்னை அழைக்க வந்த, மனைவியை இழந்த தம்பியோடு இருக்கிறார் என்பதைப் பிறகுதான் அறிந்தேன். மடியில் மலர். பிரான்சில் இருந்து வந்த, மருமகள் முறையான ஒருத்தி கொண்டுவந்து கொடுத்தாளாம். நான் பொதியோடு திரிந்தபோது அந்தக் கரைக்குப் போகவில்லை.

"வாரும் தம்பி. இரும். இதை ஒருக்கால் வாசியும்."

விரல் வைத்திருந்த இடத்தை வாசித்தேன். என் வசனம்.

"ஆர் சொன்னது உமக்கு?"

"முந்தின வருசம் வாங்கினவரையும் பிந்தின வருசம் வாங்கினவரையும் கேட்டனான் அக்கா."

"கரைப்பக்கம் ஒருத்தரையும் கேக்கேல்லை."

"இல்லை."

"இந்த வீட்டுக்கு வந்த கடிதமெல்லாம் உம்மடை கந்தோராலை வந்தது. என்ரை பேர் உமக்குத் தெரியாதோ?"

தெரியும். கடித உறையில் இருந்த பெயராகத் தெரியும். அதற்குமேல் ஒன்றும் தெரியாது.

"அந்த வருசம் குடுத்தது" என்றார். "எனக்குத்தான் குடுத்தது."

நான் உடனே மகிழ்ந்திருக்க வேண்டும். மகிழவில்லை. இப்படிச் சொன்னவர்கள் முன்பும் இருந்தார்கள். தகப்பனுக்குக் கிடைத்தது, மாமாவுக்குக் கிடைத்தது என்று. போய்ப் பார்த்தால் அது ஓட்டப் பந்தயத்துக்குக் கொடுத்த பித்தளையாக இருக்கும். ஆகவே வழக்கமாகக் கேட்பதைக் கேட்டேன். பதக்கம் இருக்கிறதா, அல்லது வேறு ஏதும் ஆதாரம்?

அவர் யன்னலைக் காட்டினார். வெளியே பூவரச மரத்தின் கீழ், கிடுகு போர்த்தி, கட்டைகளின் மேல் ஒரு பழைய மரவள்ளம் ஏற்றி வைக்கப்பட்டிருந்தது.

"உங்கை கிடக்குது உம்மடை ஆதாரம்."

அவர் சொன்னதைச் சுருக்கி எழுதுகிறேன். வள்ளத்தின் அடியில் முதுகெலும்பு போல ஓடும் மரத்தை ஏரா என்பார்கள். ஏராவையும், வள்ளத்தின் முனையாக எழும் முன்கட்டையையும் பொருத்தும் நாள் அந்தக் கரையில் ஒரு நல்ல நாள். சுவாமியார் வந்து ஆசீர்வதிப்பார். பொருத்தில் ஒரு சிறு குழி வெட்டி, வீட்டில் இருக்கும் பொன்னில் ஒரு துண்டை வைத்து, குங்கிலியம் ஊற்றி மூடுவார்கள். அதன்பின் வள்ளம் இருக்கும்வரை அதை யாரும் காண முடியாது. அவர் பதக்கம் வாங்கிய சில மாதங்களில் தகப்பன் இந்த வள்ளத்தைக் கட்டத் தொடங்கினார். வீட்டில் இருந்த பொன் முழுவதும் மரத்துக்கும் ஆணிக்கும் போய்விட்டது. அன்று காலை தகப்பன் வந்து பதக்கத்தைக் கேட்டார். மகள் ஓடிப்போய் எடுத்துக் கொடுத்தாள்.

"வள்ளம் கட்டுற ஓடாவியாருக்குக் காட்டப் போறார் எண்டு நினைச்சன். பின்னாலையே போய்ப் பாத்தால், குங்கிலியம் ஊத்துறாங்கள்."

"அழுதனீங்களோ?"

"எல்லாரும் சந்தோசமா நிக்கேக்கை ஆர் அழுறது? சக்கரைத் தண்ணி தந்தவை. குடிச்சன்."

அடுத்த பரிசளிப்பு விழாவுக்கு அவர் போகவில்லை. குத்திக்கொண்டு போகப் பதக்கம் இல்லை. வெறும் நெஞ்சோடு மேடையில் எப்படி நிற்பது? அன்று முழுக்க மீன் காய வைத்துக்கொண்டிருந்தாராம். ஒருநாள் போகாதவர் மறுநாளும் பாடசாலைக்குப் போகவில்லை, அதோடு படிப்பு நின்றது. தேடி வரவும் யாரும் இல்லை. அவர் வராததையே நான் சான்றாக எடுத்து, அச்சிலும் ஏற்றிவிட்டேன்.

"எழுபது வருசமா நான் இதை ஒருத்தருக்கும் சொல்லேல்லை" என்றார். "சொல்ல ஒண்டும் இல்லை. வள்ளம் ஓடினது, நாங்கள் சாப்பிட்டம். ஆனா குடுக்கவேயில்லை எண்டு எழுதினால், அது என்ன ஞாயம்? நீர் மாத்தி எழுத வேணும்."

"பதக்கத்தைப் பாத்தால் எழுதுவன்" என்றேன்.

வாசலில் குந்தியிருந்த அவரது தம்பி இதற்காகவே காத்திருந்தவர் போலச் சொன்னார்: "வள்ளத்தை ஒருத்தரும் தொடக்கூடாது."

அதற்கு அவரிடமும் காரணம் இருந்தது. யுத்தத்தில் இடம்பெயர்ந்த அன்று அயலில் இருந்தவர்கள் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு அக்கரைக்குப் போனது அந்த வள்ளம்தான். அயலில் வேறு வள்ளங்கள் போனபோது நடந்தது எல்லாருக்கும் தெரியும். இதில் போனவர்களுக்கு ஒன்றும் நடக்கவில்லை. பலகைகளைப் பலமுறை மாற்றியிருக்கிறார். ஏராவையும் முன்கட்டையையும் மாற்றியதில்லை. கடலுக்குப் போவதை விட்டு வெகுகாலமாகியும் ஆண்டுதோறும் சுரண்டித் தார் பூசுகிறார்.

"ஏராவிலை கிடக்கிறதுதான் எங்களைக் காப்பாத்தினது" என்றார்.

"ஓம். என்ரை கணக்குத்தான் காப்பாத்தினது" என்றார் அக்கா.

அன்றிலிருந்து ஞாயிறுகளில் அங்கே போகத் தொடங்கினேன். மகனிடம் சனிக்கிழமை எடுக்கச் சொன்னேன். ஏன் என்று கேட்டான். ஒரு வள்ளத்தைப் பார்க்கப் போகிறேன் என்றேன். "அப்பா, இஞ்சை வாங்கோ எண்டு எத்தினை தரம் சொல்லிப்போட்டன்" என்றான். அவனுக்கு என்னைப் பற்றி வேறு கவலை வந்திருக்கும்.

போவதற்கு நான் வைத்திருந்த காரணம், தம்பியின் மனதை மாற்றுவது. உண்மையில் முதல் மாதத்துக்குப் பிறகு அந்தக் கதையை நான் எடுக்கவேயில்லை. அக்கா பத்திரிகையில் வரும் எண் புதிர்களைப் பேனையால் நேரே நிரப்பிக்கொண்டிருப்பார். பென்சில் எடுக்கமாட்டார். தம்பி எனக்கு வலை மட்டம், கச்சான் சோளகம் என்ற பருவக் காற்றுகள் என்று சொல்லித் தருவார், நான் மறந்துவிடுவேன், அடுத்த கிழமை பரிகாசம் செய்வார். தேநீர் வரும். சில நாள் மூவரும் கடலைப் பார்த்துக்கொண்டு இருப்போம். திரும்பும்போது பஸ்ஸில் சாட்டிக் கடலில் குளித்துவிட்டு வந்த குடும்பங்கள் ஈரத் தலையோடு ஏறியிருக்கும். அவர்களுக்கு இடம் விட்டு நின்றுகொண்டே வருவேன். வீட்டுப் படலையைத் திறக்கும்போது அடுத்த ஞாயிற்றின் திகதி மனதில் வந்துவிடும்.

மாரி முடிந்தபின் ஒருநாள் அக்கா தானாகவே சொன்னார்: "விடும் தம்பி. அவன் திறக்கமாட்டான். எனக்கும் கண் மங்குது. இனி வந்தாலும் எழுத்துத் தெரியுமோ தெரியாது." அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

பங்குனியில் தம்பி மறுபடியும் என் படலைக்கு வந்தார். இந்த முறை சைக்கிளைச் சாத்தாமல் பிடித்துக்கொண்டே நின்றார்.

"கறையான் ஏறிப்போட்டுது" என்றார்.

தார் பூசச் சுரண்டியபோது முன்கட்டை விரலோடு உதிர்ந்திருக்கிறது. கடலில் கிடக்கும் வள்ளத்தில் கறையான் ஏறாது. தரையில் வைத்துப் பாதுகாத்ததால் ஏறியது. முன்கட்டையைக் கழற்றிப் புதிது போடாவிட்டால் ஏராவும் போய்விடும். வள்ளத்தைக் காப்பாற்ற வேண்டுமென்றால் பொருத்தைத் திறந்தே ஆக வேண்டும்.

"ஓடாவியார் நாளைக்கு வாறார். நீரும் வாரும். பிறகு நான் எடுத்து ஒளிச்சிட்டன் எண்டு அவள் சொல்லுவாள்."

மறுநாள் போனேன். அக்கா கதிரையை மரத்தடிக்குக் கொண்டுவரச் செய்து இருந்தார். ஓடாவியார் உளியை வைத்துத் தட்டினார். முன்கட்டை பெரும் பகுதி தூளாகவே வந்தது. பொருத்துக்குக் கிட்ட வந்ததும் மரம் இறுகியது. குங்கிலியம் ஊறிய இடத்துக்குக் கறையான் வரவில்லை. இன்னும் நாலு தட்டு. கறுத்த கட்டி ஒன்று மணலில் விழுந்தது. ஒருவரும் குனியவில்லை. கடைசியில் தம்பிதான் எடுத்து, சாரத்தில் துடைத்து, அக்காவின் கையில் வைத்தார்.

அவர் அதை மணந்து பார்த்தார். பிறகு எழுந்து குசினிக்குள் போனார். நாங்களும் பின்னால் போனோம். சூடான எண்ணெயில் போட்டதும் குங்கிலியம் இளகிக் கழன்றது. உள்ளே கரிய வட்டம். அவர் புளியை எடுத்தார்.

"அக்கா, பழைய வெள்ளியைப் புளி போட்டுத் தேய்க்கக் கூடாது" என்றேன். இந்த விடயத்தில் நான் நிறைய வாசித்திருக்கிறேன். கறுப்பும் வெள்ளியின் வயதுதான், அதை எடுத்தால் மதிப்புப் போய்விடும்.

"இது உம்மடை பழைய வெள்ளியில்லை. என்ரை மெடல்."

தேய்த்தார். கழுவினார். சேலைத் தலைப்பால் துடைத்து என்னிடம் நீட்டினார். நான் பழக்கத்தில் கண்ணாடியை எடுத்து முதலில் விளிம்பைப் பார்த்தேன். நங்கூரம். சிங்கம். அதே எழுத்து.

"பேரைப் பாரும். ஓரத்தைப் பிறகு பாரும்."

திருப்பினேன். அவரது பெயர். தகப்பனின் பெயர். கணிதம். அந்த ஆண்டு. நேற்று வெட்டியது போலக் கூராக இருந்தது. எழுபது ஆண்டு யாரும் தொடாத எழுத்து. மற்ற எட்டிலும் பெயர்கள் தேய்ந்து மழுங்கியிருக்கும்.

"வாசியும்" என்றார். வாசித்தேன். இன்னொருமுறை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். தம்பி அடுப்படிச் சுவரில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

என் பெட்டியின் நடுவில் பச்சைத் துணியில் ஒன்பதாவது வட்டம் வெட்டி வைத்திருந்தேன். அதை அவர்களுக்குச் சொன்னதில்லை. ஆனால் பதக்கத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது என் கை சற்றுத் தாமதித்திருக்க வேண்டும்.

"உமக்கு வேணுமோ?"

"விருப்பம் எண்டால் விருப்பம்தான்."

"உம்மட்டை இருக்கிற மற்றதுகளை, ஆராவது என்ரை எண்டு கேட்டு வந்தவையோ?"

"இல்லை அக்கா."

"நான் கேட்டு வந்தனான்" என்று கையை நீட்டினார்.

அதை என்ன செய்யப்போகிறார் என்று தம்பிக்கும் எனக்கும் தெரியவில்லை. புதிய முன்கட்டையைச் செதுக்கி முடித்த ஓடாவியார் பொருத்த நாள் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை கழியட்டும் என்றார் அக்கா. "வள்ளம் வாயைத் திறந்துகொண்டு கிடக்குது, உனக்கு ஞாயிற்றுக்கிழமை கேக்குது" என்று தம்பி முணுமுணுத்தார். அக்கா காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அந்த ஞாயிறு காலைப் பூசைக்கு அவர் பதக்கத்தை இடது தோளுக்குக் கீழே சேலையில் குத்திக்கொண்டு போனார். நான் தேவாலயத்துக்குள் போகவில்லை. வெளியே வேப்பமர நிழலில் நின்றேன். பூசை முடிந்து சனம் வெளியே வந்தது. தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வந்தார். ஒரு பெண் நின்று கேட்டாள்: "இதென்ன அன்ரி, பாப்பரசர் தந்தவரோ?"

"கணக்குக்குத் தந்தது."

"எப்ப?"

"போன வருசம்" என்றார் அக்கா. அவள் சிரித்துக்கொண்டு போனாள். போன ஆண்டு பெற்றவர் அடுத்த ஆண்டு குத்திக்கொண்டு வர வேண்டும் என்ற வழக்கம் அந்த முற்றத்தில் எனக்கும் அவருக்கும் மட்டும் தெரிந்திருந்தது. என்னைத் தாண்டிப் போகும்போது சேலையைச் சற்று ஒதுக்கி, பதக்கம் எனக்குத் தெரியும்படி நடந்தார்.

திங்கட்கிழமை பொருத்து மூடினார்கள். பதக்கத்தைக் குழிக்குள் வைத்தது அக்காதான். தம்பி கேட்கவில்லை, அவராகவே கொண்டுவந்தார். "இந்தமுறை நான் வைக்கிறன்" என்று மட்டும் சொன்னார். பெயர் உள்ள பக்கம் மேலே வரும்படி வைத்துவிட்டு, ஓடாவியாரைப் பார்த்து ஊற்றச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"பாத்திட்டீர்தானே. இனி எழுதும்."

எங்கே எழுதுவது என்பதுதான் சிக்கல். மலர் ஒரே தடவை வெளியிட்டது. வெளியிட்டவர்களுக்கு எழுதினேன், அடுத்த மலர் போடும் எண்ணம் இல்லை, போட்டால் பார்ப்போம் என்றார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. அவர்களுக்கும் வயதாகிவிட்டது. ஆனால் தீவுகளில் இருக்கும் பிரதிகளை நான்தான் கொடுத்தேன். எந்தப் பிரதி எந்த வீட்டில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆகவே ஒரு பேனையை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன்.

முதலில் நடந்து போகக்கூடிய வீடுகள். மலரைக் கேட்டதும் ஏன் என்று பார்த்தார்கள். அந்த வசனத்தை ஒரு கோட்டால் வெட்டி, ஓரத்தில் பெயரையும் "பதக்கம் நேரில் பார்க்கப்பட்டது" என்பதையும் எழுதி, அன்றைய திகதியிட்டேன். ஒரு வீட்டில் புத்தகம் சட்டிக்குக் கீழே இருந்தது. கரியைத் துடைத்துவிட்டு எழுதினேன். ஒரு வீட்டில் அதன் நாடாவே அவிழ்க்கப்படாமல் இருந்தது. முன்னைய ஆண்டு பதக்கம் வாங்கியவரும் பிந்திய ஆண்டு வாங்கியவரும் அதற்குள் காலமாகிவிட்டார்கள். பிந்திய ஆண்டுக்காரரின் மனைவி புத்தகத்தைத் தந்தார். நான் வெட்டியதை எட்டிப் பார்த்துவிட்டு, "அவர் சாகும்வரைக்கும் சொன்னவர், தனக்குக் குத்திவிட ஒருத்தரும் வரேல்லை எண்டு" என்றார். ஏன் வரவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். கேட்க வேண்டியவர் போய்விட்டார்.

குறிகட்டுவானில் பஸ்ஸால் இறங்கி நயினாதீவுக்குப் படகு ஏறினேன். கோயிலுக்குப் போகும் சனத்தோடு நெருங்கி நின்றபோது, பக்கத்தில் நின்றவர் எனக்கு என்ன நேர்த்தி என்று கேட்டார். ஒரு வசனம் திருத்தப் போகிறேன் என்று எப்படிச் சொல்வது? சும்மா தலையாட்டினேன். அங்கே இரண்டு பிரதிகள். ஒரு வீடு பூட்டிக் கிடந்தது. திறப்பு வைத்திருக்கும் அயலவர், அவர்கள் சுவிசுக்குப் போய்விட்டார்கள் என்றும் புத்தகங்கள் உள்ளே கிடக்கும் என்றும் சொன்னார். திறந்து பார்க்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். யன்னல் இடுக்கால் பார்த்தேன். தூசி படிந்த மேசையும் ஒரு நாட்காட்டியும் தெரிந்தன. நாட்காட்டி அவர்கள் போன மாதத்தில் நின்றிருந்தது. அந்த வீட்டில் மட்டும் பரிசு இன்னும் வழங்கப்படவில்லை.

கடைசியாக அக்காவின் பிரதி. ஞாயிறு பின்னேரம் போனேன். வள்ளத்துக்குப் புதுத் தார் பூசி, அது வெயிலில் மணத்துக்கொண்டிருந்தது. மலரைத் தாருங்கள் என்றேன். தந்தார். பக்கத்தைத் திருப்பினேன். என் வசனம் ஏற்கெனவே வெட்டப்பட்டிருந்தது, கடதாசி கிழியும் அளவுக்கு அழுத்தி. ஓரத்தில் அவரது பெயர், பேனையால்.

"இது எப்ப அக்கா?"

"உம்மைக் கூப்பிட்டு அனுப்பின அண்டைக்கே. உம்மடை ஆதாரம் வரும்வரைக்கும் நான் பொய்யை மடியிலை வைச்சிருக்கிறதோ?"

பேனையை மூடிச் சட்டைப் பையில் வைத்தேன். தேநீர் வந்தது. குடித்து முடித்தும் கொஞ்ச நேரம் இருந்தேன். எழுந்தபோது அவர் கேட்டார்:

"அடுத்த கிழமை வருவீரோ?"

"அலுவல் எல்லாம் முடிஞ்சுதே அக்கா."

"ஓம், முடிஞ்சுதுதான்" என்றார். பிறகு தன் எண் புதிரை எடுத்துக்கொண்டார். தம்பி கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தேன். எட்டுப் பதக்கங்கள். நடுவில் வெறும் பச்சை வட்டம். அதன் கீழே சிறு அட்டையில் அவரது பெயரையும், பதக்கம் எங்கே இருக்கிறது என்பதையும் எழுதி வைத்தேன். அன்று பெயர்களை வாசித்தபோது அந்த இடத்துக்கு வந்ததும் ஒரு கணம் நிறுத்தினேன். அவ்வளவு பெயர்களிலும், கூப்பிட்டால் ஓம் சொல்லக்கூடியவர் அவர் ஒருவர்தான்.

பிறகு புத்தக அலுமாரிக்குப் போனேன். எல்லா வீடுகளுக்கும் போனவன், என் சொந்தப் பிரதியைத் தொடவில்லை. எடுத்து, பக்கத்தைப் பிரித்து, பேனையைத் திறந்தேன். வெட்டவில்லை. பேனையை மூடி, மலரைப் பிளாஸ்ரிக் பையில் சுற்றி, ஞாயிறு கொண்டுபோகும் பைக்குள் வைத்தேன். இந்தப் பிரதியை அவரே வெட்டட்டும். அழுத்தி வெட்டுவார்; கடதாசி கிழிந்தாலும் பரவாயில்லை.